மேக்னடைட் பவுடர் ஏன் 92 காட்டவில்லை: கட்டமைப்பைப் பார்த்துக் காந்தத்தைப் புரிந்துகொள்ளும் முறை

"மேடம், பேப்பர்ல 92னு போட்டிருக்கு. எனக்கு 54தான் வந்திருக்கு. இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா?"

பல்கலைக்கழகக் கருவி மையம் ஒன்றில், பொருளின் காந்தத்தை அளக்கும் விஎஸ்எம் கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எம்.எஸ்சி. புராஜெக்ட் பிள்ளைகளும் ஆராய்ச்சியில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அனுப்பும் கறுப்புப் பவுடர்களில் பெரும்பாலானவை இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள். புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைவை, அதாவது லூப்பை, அனுப்பிய அன்றைக்கே இந்தக் கேள்வியும் வந்துவிடும். 92, 54 என்பவை, பவுடர் முழுதாகக் காந்தமாகும்போது ஒரு கிராமுக்கு எத்தனை இஎம்யு (காந்த அலகு) என்பது. இதைச் செறிவு என்போம். இன்னொரு தடவை ஓட்டினாலும் 54தான் வரும். அந்த 54-க்கான காரணம் பவுடருக்குள் இருக்கிறது: எந்த ஆக்சைடு, அணுக்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன, துகள் எவ்வளவு பெரியது, அதன் மேற்பரப்பும் உட்புறமும் எவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன. இவற்றை ஒரு வரிசையில் பார்த்தால் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 92 எங்கிருந்து வருகிறது

மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடில் ஆக்சிஜன் அயனிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். அடுக்கின் இடைவெளிகளில் இரும்பு உட்கார்ந்திருக்கும். இடைவெளிகள் இரண்டு விதம். நான்கு ஆக்சிஜன் சூழ்ந்தது நான்முகி இடம். அதை ஏ என்போம். ஆறு ஆக்சிஜன் சூழ்ந்தது எண்முகி இடம், அது பி. ஓர் அலகுக்கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டி) 32 ஆக்சிஜன், 8 ஏ இரும்பு, 16 பி இரும்பு. ஏ-யில் இருப்பதெல்லாம் இரும்பு 3+. பி-யில் பாதி 3+, பாதி 2+. தலைகீழ் ஸ்பினல் என்று படித்திருப்பீர்களே, அது இதுதான்.

ஒவ்வொரு இரும்பும் ஒரு குட்டிக் காந்தம், அதை ஸ்பின் என்போம். ஏ-யின் ஸ்பின்களும் பி-யின் ஸ்பின்களும் நடுவிலுள்ள ஆக்சிஜன் வழியாக ஒன்றையொன்று எதிர்த்திசையில் நிறுத்தி வைக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் 8 பேர், எதிர்ப்பக்கம் 16 பேர் நிற்பது மாதிரி. பி பக்கம் ஜெயிக்கும், ஆனால் வெளியே தெரிவது இரண்டுக்கும் உள்ள மிச்சம் மட்டும். லூயி நீல் 1948-இல் இந்த நிலைக்கு ஃபெரிகாந்தம் என்று பெயர் வைத்து விளக்கினார்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். இரும்பு 3+ அயனிக்கு 5 போர் மேக்னட்டான் (அணுவின் காந்தத்தை அளக்கும் அலகு), 2+ அயனிக்கு 4. ஒரு மேக்னடைட் வாய்பாட்டுக்கு ஏ பக்கம் 5, பி பக்கம் 5-ம் 4-ம் சேர்ந்து 9. மிச்சம் 4. இதைக் கிராமுக்கு மாற்றினால் சுமார் 96 இஎம்யு. அது பூஜ்ஜிய கெல்வினுக்கான எண். அறை வெப்பநிலையில் பெரிய, குறையில்லாத படிகத்துக்குச் சுமார் 92. உங்கள் துகள் பெரியதும் இல்லை, குறையில்லாததும் இல்லை. அதனால் 92-லிருந்து கீழே இறங்கி வரும் ஒவ்வொரு படிக்கும் என்ன காரணம் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

எடையைச் சரிபாருங்கள்

இதில் அதிக நேரம் போகாது, ஆனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான். இஎம்யு/கிராம் என்பதில் அந்தக் கிராம் எதனுடைய கிராம்? சாம்பிளில் ஓலிக் அமிலமோ சிட்ரேட்டோ ஈரமோ இருந்தால் அவற்றின் எடையும் வகுக்கும் எண்ணில் சேர்ந்துவிடும். டிஜிஏ (சூடாக்கிக்கொண்டே எடையை அளப்பது) எடுத்து, காந்தமில்லாத பகுதி எத்தனை சதவீதம் என்று கண்டுபிடியுங்கள். டிஜிஏ-வைக் காற்றில் ஓட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மேக்னடைட் முழுதும் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் எடை சுமார் 3.45 சதவீதம் கூடும். அதைக் கழிக்காவிட்டால் பூச்சின் அளவு குறைவாகத் தெரியும். நைட்ரஜனில் ஓட்டினால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மிக உயர்ந்த வெப்பநிலையில் பூச்சு கரியாகி இரும்பு ஆக்சைடையே ஒடுக்க ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் உள்ள படியில் எடையைப் படியுங்கள்.

கேப்ஸ்யூலுக்குள் பவுடர் அசையக் கூடாது. தளர்வாக இருந்தால் புலம் திரும்பும்போது துகள் தானே உருண்டு திரும்பிவிடும். அப்போது வரும் லூப் உங்கள் பொருளுடையது இல்லை. கொஞ்சம் டெஃப்லான் டேப் வைத்து அழுத்துங்கள், அல்லது உருக்கிய மெழுகில் உறைய விடுங்கள். காலி கேப்ஸ்யூலையும் ஒரு தடவை ஓட்டிக் கழித்துவிடுங்கள். கருவி சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நிக்கல் தரச் சாம்பிளைக் கேளுங்கள். அறை வெப்பநிலையில் அது சுமார் 55 காட்ட வேண்டும். எங்கள் மையத்தில் தினமும் காலையில் முதலில் ஓடுவது அதுதான்.

எந்த ஆக்சைடு கையில் இருக்கிறது

பிள்ளைகள் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

ட்யூபின் மேல் "மேக்னடைட்" என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது மேக்னடைட்டாக இருக்கலாம், மேகமைட்டாக இருக்கலாம், இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கலாம். மேகமைட்டும் அதே ஸ்பினல் அடுக்குதான், ஆனால் எல்லா இரும்பும் 3+. மின்னேற்றம் சமன்படுவதற்காகப் பி இடங்களில் சில காலியாக இருக்கும். ஏ பக்கம் 5, பி பக்கம் ஆறில் ஐந்து பங்கு இடங்களில் மட்டும் இரும்பு என்று கணக்குப் போட்டால் பூஜ்ஜிய கெல்வினில் சுமார் 87 இஎம்யு/கிராம் வரும். அறை வெப்பநிலையில் பெரிய படிகத்துக்கு 74 முதல் 80 வரை. அப்படியென்றால் துகள் முழுதும் மேகமைட்டாக மாறியிருந்தாலே 92-லிருந்து கிட்டத்தட்ட 15 போய்விடும். வேறு எந்தக் குறையும் தேவையில்லை.

பத்து நானோமீட்டர் துகள் காற்றுபட்ட பவுடராகக் கிடந்தால் அறை வெப்பநிலையிலேயே மெல்ல மாறிக்கொண்டிருக்கும். இரும்பு 2+ தன் எலக்ட்ரானை இழக்கிறது, கொஞ்சம் இரும்பு மேற்பரப்பை நோக்கி நகர்கிறது, உள்ளே காலியிடம் விழுகிறது. கண்ணாலேயே பார்க்கலாம். ட்யூபை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணாடிச் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். குவியலாக இருக்கும்போது எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். மெல்லிய படலத்தில் மேக்னடைட் சாம்பல் கலந்த கறுப்பாகவே இருக்கும், மேகமைட் காப்பிக்கொட்டை நிறத்தில் பழுப்பாகத் தெரியும். சிவப்பு தட்டினால் ஹெமடைட் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். நிறம் சாட்சியாகாது, ஆனால் அடுத்து எந்தச் சோதனை தேவை என்று காட்டிவிடும்.

அடுத்தது எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களை வைத்துப் படிக அடுக்கைக் கண்டுபிடிப்பது. "மேடம், எல்லா பீக்கும் மேக்னடைட் கார்டோட மேட்ச் ஆகுது" என்பார்கள். ஆகத்தான் செய்யும். மேக்னடைட்டின் அலகுக்கூட்டின் நீளம் 8.396 ஆங்ஸ்ட்ராம், மேகமைட்டுக்குச் சுமார் 8.346. தாமிரக் கதிரில் (311) பீக் (அடைப்புக்குறி எண் படிகத்தின் எந்தத் தளம் என்று சொல்லும்) முன்னதற்கு 35.43 டிகிரி, பின்னதற்கு 35.65. பீக்கே முக்கால் டிகிரி அகலமாக இருக்கும்போது இந்த 0.22 டிகிரி வித்தியாசத்தை யார் கவனிப்பார்கள்? அதனால் (311)-ஐ விட்டுவிட்டு (440)-க்குப் போங்கள். அங்கே மேக்னடைட் 62.53, மேகமைட் 62.95, வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 55 முதல் 65 டிகிரி வரை மட்டும் மெதுவாக ஒரு ஸ்கேன் போடுங்கள். (511) பீக்கும் அதற்குள் வந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். சாம்பிள் தட்டில் பவுடர் கொஞ்சம் மேலேயோ கீழேயோ இருந்தால் எல்லா பீக்கும் சேர்ந்து நகரும். அந்த நகர்வே நீங்கள் தேடும் வித்தியாசத்தின் அளவுக்கு இருக்கும். ஆகவே சிலிக்கான் பவுடரைச் சிட்டிகையளவு கலந்து, அதன் 28.44 டிகிரி பீக்கை வைத்துத் திருத்துங்கள். இரண்டாவது, தாமிரக் கதிர் இரும்பைத் தூண்டி ஒளிர வைக்கும். பின்னணி உயர்ந்து சின்ன பீக்குகள் மூழ்கிவிடும். எக்ஸ்ஆர்டி ஆபரேட்டரிடம் மோனோகுரோமேட்டர் போடச் சொல்லுங்கள், கோபால்ட் ட்யூப் இருந்தால் அதில் எடுக்கச் சொல்லுங்கள். பின்னணி சுத்தமாக இருந்தால் 23.8, 26.1 டிகிரிகளில் மேகமைட்டின் சின்ன பீக்குகள் தெரியலாம். காலியிடங்கள் ஒழுங்காக வரிசைப்பட்டால் மட்டுமே அவை வரும். தெரியவில்லை என்பதால் மேகமைட் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

33.15 டிகிரியில் ஏதாவது மேடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஹெமடைட்டின் வலுவான பீக். ஹெமடைட்டில் இரும்பும் ஆக்சிஜனும் வேறு விதமாக, குருந்தம் மாதிரி அடுக்கியிருக்கும். எதிரெதிர் ஸ்பின்கள் எண்ணிக்கையில் சமம். அவை லேசாகச் சாய்ந்திருப்பதால் மட்டும் சொற்பக் காந்தம் மிஞ்சுகிறது, கிராமுக்குச் சுமார் 0.4 இஎம்யு. மேகமைட்டும் ஹெமடைட்டும் வேதியியலில் ஒரே பொருள், அதே இரும்பு, அதே ஆக்சிஜன், அதே விகிதம். அடுக்கு மாறியதும் 76 இருந்த இடத்தில் அரை கூட இல்லை. கட்டமைப்புதான் காந்தம் என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் எனக்குத் தெரியாது. உங்கள் பவுடரில் எடைக்கு 20 சதவீதம் ஹெமடைட் இருந்தால் காந்தமும் ஏறத்தாழ 20 சதவீதம் குறையும்.

ராமன் (லேசர் ஒளிச் சிதறல் சோதனை) எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேக்னடைட்டின் பட்டை 668 செ.மீ⁻¹ பக்கம் வரும், ஹெமடைட்டின் பட்டைகள் 225, 292 பக்கம். லேசர் திறன் அதிகமானால் அந்தச் சின்னப் புள்ளி சூடாகி, அளக்கும்போதே மேக்னடைட் ஹெமடைட்டாகிவிடும். ஒரு மில்லிவாட்டுக்குக் கீழே வையுங்கள், அதே இடத்தில் இரண்டாவது ஸ்பெக்ட்ரம் எடுத்து ஒப்பிடுங்கள்.

இரும்பின் நிலையை நேராகக் காட்டும் மாஸ்பவர் கருவி எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் இரும்பு 2+ எவ்வளவு என்று அளந்துவிடலாம். நைட்ரஜன் ஓட்டத்தில் பவுடரை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையுங்கள், பினாந்த்ரோலின் சேருங்கள், வெளிச்சம் படாமல் வைத்து 510 நானோமீட்டரில் உறிஞ்சுதலைப் படியுங்கள். ஒரு பகுதியை ஒடுக்கி மொத்த இரும்பையும் அளந்தால் 2+ க்கும் 3+ க்கும் உள்ள விகிதம் வந்துவிடும். 0.5 என்றால் முழு மேக்னடைட், பூஜ்ஜியம் என்றால் முழு மேகமைட். இந்த ஒரு எண்ணும் திருத்திய எக்ஸ்ஆர்டியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் உங்கள் கண்டுபிடிப்பை யாரும் அசைக்க முடியாது.

குறை பவுடர் செய்த அன்றைக்கே நுழைந்திருக்கவும் வாய்ப்புண்டு. நீங்கள் பெரும்பாலும் செய்வது கோபிரெசிபிடேஷன், அதாவது இரண்டு இரும்பையும் கரைசலிலிருந்து ஒன்றாக வீழ்படிவாக்குவது. ரெனே மசார் 1981-இல் வெளியிட்ட முறையின் வழிவந்தது. இரும்பு 3+ இரண்டு பங்கு, 2+ ஒரு பங்கு, அதில் அமோனியா. ஹெக்ஸாஹைட்ரேட் ஃபெரிக் குளோரைடு 2.70 கிராம், டெட்ராஹைட்ரேட் ஃபெரஸ் குளோரைடு 0.99 கிராம் எடுத்தால் 1.16 கிராம் மேக்னடைட் கிடைக்க வேண்டும். எடை போடுவதற்கு முன் ஃபெரஸ் குளோரைடு பாட்டிலைத் திறந்து பாருங்கள். படிகங்கள் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். ஓரமெல்லாம் மஞ்சள் பழுப்பாகியிருந்தால் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே 3+ ஆகிவிட்டது. தராசு 0.99 காட்டும், ஆனால் விகிதம் தப்பு.

அளவு

எக்ஸ்ஆர்டி பீக்கின் அகலத்திலிருந்து ஷெரர் சமன்பாட்டில் படிகத்தின் அளவு கிடைக்கும். கருவியின் அகலத்தைக் கழித்த பிறகு (311) பீக் 0.80 டிகிரி அகலம் இருந்தால் அளவு சுமார் 10.4 நானோமீட்டர். டிகிரியை ரேடியனாக மாற்ற மறந்துவிடாதீர்கள்.

அளவு இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, துகளின் காந்தம் ஒரே திசையில் நிலையாக நிற்குமா என்பதை அது முடிவு செய்கிறது. பெரிய படிகத்துக்குள் பல காந்தப் பகுதிகள் இருக்கும், நடுவே சுவர்கள் இருக்கும். மேக்னடைட் ஏறத்தாழ 80 நானோமீட்டருக்குக் கீழே போனால் சுவர் வைக்கும் செலவு கட்டுப்படியாகாது. முழுத் துகளும் ஒரே பகுதியாகிவிடும். பத்து நானோமீட்டர் துகளில் 25,000 போர் மேக்னட்டானுக்கு மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒரே காந்தமாக நிற்கும்.

அந்தக் காந்தம் திரும்புவதற்கு ஒரு ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். தடையின் உயரம் என்பது அனைசோட்ரபி எண்ணையும் (காந்தம் படிகத்தின் சில திசைகளை எவ்வளவு விரும்புகிறது என்பதன் அளவு) கனஅளவையும் பெருக்கி வருவது. மேக்னடைட்டுக்கு அந்த எண் கன மீட்டருக்குச் சுமார் 13,500 ஜூல். நம் கருவி ஒரு புள்ளியை அளக்க எடுக்கும் நேரத்தில் காந்தம் திரும்பாமல் நிற்க வேண்டுமானால் தடை வெப்ப ஆற்றலைப் போல் சுமார் 25 மடங்கு இருக்க வேண்டும். அறை வெப்பநிலைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 25 நானோமீட்டர் விட்டம் வரும். அதற்குக் கீழே துகளின் காந்தம் தானாகவே புரண்டுகொண்டிருக்கும். புலத்தை எடுத்ததும் மிஞ்சும் காந்தம், அதாவது எச்சம், பூஜ்ஜியம். அதை அழிக்கத் தேவைப்படும் எதிர்ப்புலம், அதாவது கோயர்சிவிட்டி, அதுவும் பூஜ்ஜியம். சூப்பர்பாராகாந்தம் என்பது இது.

காந்தப் பாக்டீரியாக்கள் இந்தக் கணக்கை நம்மைவிட முன்பே போட்டுவிட்டன. ரிச்சர்ட் பிளேக்மோர் 1975-இல் சயன்ஸ் இதழில் எழுதிய அந்த நுண்ணுயிர்கள் தம் உடலுக்குள் மேக்னடைட் படிகங்களைச் சங்கிலியாக வளர்க்கின்றன. பெரும்பாலும் 35 முதல் 120 நானோமீட்டர் வரை. நீள்வடிவமும் சங்கிலியும் இருப்பதால் 80-ஐத் தாண்டியும் ஒரே பகுதியாக நிற்கும். புரளும் அளவுக்குச் சிறியதும் இல்லை, பல பகுதிகளாகப் பிரியும் அளவுக்குப் பெரியதும் இல்லை. பூமியின் காந்தப்புலத்தோடு ஒத்துத் திரும்ப அந்த அளவுதான் வேண்டும்.

உங்கள் பத்து நானோமீட்டர் சாம்பிளில் கோயர்சிவிட்டி 8 எர்ஸ்டெட் (காந்தப்புல அலகு), 15 எர்ஸ்டெட் என்று வந்தால் உடனே அதற்கு விளக்கம் எழுத உட்காராதீர்கள். மீக்கடத்தி காந்தம் உள்ள கருவியில், புலம் பூஜ்ஜியம் என்று திரை காட்டும்போதும் சில பத்து எர்ஸ்டெட் உள்ளே சிக்கியிருக்கும். சூப்பர்பாராகாந்தம் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு தரச் சாம்பிளை அதே வேகத்தில் ஓட்டி ஒப்பிடச் சொல்லுங்கள். எந்த ஆபரேட்டரும் மறுக்க மாட்டார்.

அதோடு, சிறிய துகள் நிரம்புவதற்கு, அதாவது முழுதாகக் காந்தமாவதற்கு, அதிகப் புலம் கேட்கும். எங்கள் கருவி 1.5 டெஸ்லா வரை போகும். லாஞ்செவின் கணக்குப்படி (வெப்பத்துக்கு எதிராகப் புலம் துகள்களை எவ்வளவு நேராக்கும் என்று சொல்லும் சூத்திரம்) அங்கே பத்து நானோமீட்டர் துகள் 98 சதவீதத்துக்கு மேல் நிரம்பிவிடும், ஐந்து நானோமீட்டர் துகள் 90 சதவீதம்தான். ஆகவே கடைசிப் புள்ளியின் எண்ணை அப்படியே செறிவு என்று எழுதாமல், புலத்தின் தலைகீழுக்கு எதிராக வரைந்து பூஜ்ஜியம் வரை நீட்டிப் படியுங்கள்.

மேற்பரப்பு

அளவின் இரண்டாவது வேலை இது. பத்து நானோமீட்டர் துகளில் வெளிப்புறத்து ஓர் அலகுக்கூட்டுத் தடிமன், அதாவது சுமார் 0.8 நானோமீட்டர், எத்தனை சதவீதம்? கணக்குப் போட்டால் 41. ஐந்து நானோமீட்டர் துகளில் 69. இருபதில் 22. மேற்பரப்பில் நிற்கும் இரும்புக்கு ஒரு பக்கம் ஆக்சிஜன் இல்லை, எதிரே பிடித்து நிறுத்தும் ஏ இரும்பு இல்லை. பிடி தளர்ந்த ஸ்பின் நேராக நிற்காமல் சாய்ந்துவிடும். மைக்கேல் கோயி 1971-இல் சிறிய மேகமைட் துகள்களை வலுவான புலத்தில் வைத்து மாஸ்பவர் முறையில் அளந்தபோது, 5 டெஸ்லாவிலும் ஸ்பின்கள் எல்லாம் புலத்தோடு நேராகவில்லை என்று காட்டினார்.

இதை எளிமையாகக் கணக்கில் கொண்டுவர, துகளின் வெளிப்புறத்தில் காந்தமே இல்லாத ஒரு தோல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் சொன்ன 54-ஐ இப்போது எடுத்துக்கொள்வோம். டிஜிஏ-யில் 12 சதவீதம் பூச்சு என்று வந்தால், 54-ஐ 0.88-ஆல் வகுக்க வேண்டும்: 61. எக்ஸ்ஆர்டியும் பினாந்த்ரோலினும் முழு மேகமைட் என்று சொன்னால் ஒப்பிட வேண்டிய எண் 92 இல்லை, சுமார் 76. 61-ஐ 76-ஆல் வகுத்தால் 0.80. அதன் கனமூலம் 0.93. பத்து நானோமீட்டர் துகளில் 9.3 நானோமீட்டர் வரை நல்ல காந்தம், தோலின் தடிமன் சுமார் 0.35 நானோமீட்டர். அரை அலகுக்கூடு கூட இல்லை. இது நல்ல சாம்பிள்! 92-க்கு 54 என்று பார்த்தபோது பாதி போய்விட்ட மாதிரி இருந்தது. இழப்பில் பெரும்பகுதி பூச்சின் எடையும் ஆக்சிஜனேற்றமும்தான்.

தோல் ஒரு நானோமீட்டருக்கு மேல் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அவ்வளவு தடித்த தோல் மேற்பரப்பின் வேலையாக இருக்க வாய்ப்புக் குறைவு. பிரச்சினை உள்ளே இருக்கும். பூச்சையும் யோசியுங்கள்: ஓலிக் அமிலம் மாதிரி மேற்பரப்பு இரும்போடு ஒழுங்காகப் பிணையும் மூலக்கூறுகள், ஆக்சிஜன் இல்லாத இடத்தைத் தம் ஆக்சிஜனால் கொஞ்சம் ஈடுகட்டும். துகளின் வடிவமும் இதில் சேரும். கனசதுரத் துகள்களில் தட்டையான முகங்கள் அதிகம், படிகள் குறைவு. உருண்டையில் ஒவ்வொரு வளைவும் அணுப் படிகளால் ஆனது.

உள்ளே இருக்கும் முறிவுகள்

டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் துகள் 14 நானோமீட்டர், ஷெரர் கணக்கில் 8 என்றால், ஒரு துகள் ஒரே படிகமாக இல்லை என்று அர்த்தம். இரண்டு எண்ணும் ஒத்துப்போய், லாஞ்செவின் வளைவிலிருந்து வரும் காந்த அளவு மட்டும் சிறியதாக இருந்தால் அது இன்னும் நுட்பமான குறை.

இரும்பு ஓலியேட்டை 300 டிகிரிக்கு மேல் சிதைத்துத் துகள் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் டேக்வான் ஹியோன் குழு 2004-இல் இந்த வழியில் ஒரே தடவையில் 40 கிராம் வரை, ஒரே அளவான துகள்களைச் செய்து காட்டியதிலிருந்து இது உலகம் முழுதும் பரவிவிட்டது. டிஇஎம் படம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் ஒடுக்கும் சூழலில் முதலில் உருவாவது பல நேரம் வூஸ்டைட், அதாவது இரும்பெல்லாம் 2+ ஆக உள்ள ஆக்சைடு. பிறகு காற்றுபட்டு வெளியிலிருந்து உள்நோக்கி ஸ்பினலாக மாறும். பல இடங்களில் தனித்தனியாகத் தொடங்கும் ஸ்பினல் துண்டுகள் நடுவில் சந்திக்கும்போது ஆக்சிஜன் அடுக்கு தொடர்ச்சியாகவே இருக்கும், இரும்பின் வரிசை மட்டும் ஓர் அடி தள்ளிப் போயிருக்கும். ஆன்டிஃபேஸ் எல்லை என்று இதைச் சொல்வார்கள். எல்லையின் இரு பக்கமும் உள்ள பி இரும்புகள் நேர்க்கோட்டில் ஓர் ஆக்சிஜன் வழியாகப் பார்த்துக்கொள்வதால் எதிரெதிர்த் திசையில் திரும்பிக்கொள்கின்றன. ஒரே துகளுக்குள் ஒரு பாதி மறுபாதியை எதிர்க்கிறது.

லூப்பில் இது எப்படித் தெரியும்? உயர்ந்த புலத்திலும் வளைவு தட்டையாகாமல் ஏறிக்கொண்டே இருக்கும். எஞ்சிய வூஸ்டைட் நடுவில் இருந்தால் இன்னொரு அடையாளமும் உண்டு: புலத்தில் வைத்துக் குளிர்வித்து அளந்தால் லூப் முழுதாக ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். வூஸ்டைட் சுமார் 198 கெல்வினுக்குக் கீழே எதிர்ஃபெர்ரோகாந்தமாகி, சுற்றியுள்ள ஸ்பினலைப் பிடித்துக்கொள்வதால் வரும் நகர்வு அது. அறை வெப்பநிலை லூப்பில் இதைப் பார்க்க முடியாது. இந்தக் குறையைத் தவிர்க்க, கடைசிக் கட்டத்தில் ஆர்கானோடு சொற்ப ஆக்சிஜன் கலந்து விடுகிறார்கள். அல்லது மென்மையான ஆக்சிஜனேற்றி சேர்த்து வெப்பத்தில் நிதானமாக மாற்றுகிறார்கள். அறை வெப்பநிலையில் தானே மாறட்டும் என்று விட்டால் எல்லைகள் உள்ளேயே உறைந்துவிடும்.

குளிர்வித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால்

புலமில்லாமல் குளிர்வித்து ஒன்று, புலத்தோடு குளிர்வித்து ஒன்று என இரண்டு வளைவுகள் எடுங்கள். முதல் வளைவின் உச்சி, காந்தம் உறையும் வெப்பநிலையைச் சுற்றி வரும். மேலே சொன்ன அனைசோட்ரபி எண்ணை வைத்தால் பத்து நானோமீட்டர் மேக்னடைட்டுக்குச் சுமார் 20 கெல்வின் வர வேண்டும். உங்களுக்கு 100 வந்தால் மூன்று காரணங்களைத் தேடுங்கள்: மேற்பரப்பு சேர்க்கும் கூடுதல் அனைசோட்ரபி, நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய துகள்கள் கலந்திருப்பது, துகள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று இழுப்பது. மூன்றாவதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். அதே துகள்களை மெழுகில் நன்றாகப் பரப்பி, ஒன்றுக்கொன்று தூரமாக வைத்து மறுபடி அளந்தால் உச்சி கீழே இறங்கும். புலத்தோடு குளிர்வித்த வளைவு குளிர்ந்த பக்கம் தட்டையாகக் கிடந்தாலும் இழுபறி இருக்கிறது என்று கொள்ளலாம்.

120 கெல்வின் பக்கம் ஒரு படி தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். அது 1939-இல் வெர்வே கண்ட மாற்றம். இரும்பு 2+ சரியான அளவில் உள்ள நல்ல மேக்னடைட்டின் கையொப்பம். மிகச் சிறிய துகளிலும் லேசாக ஆக்சிஜனேற்றம் ஆனதிலும் அது மங்கி மறைந்துவிடும்.

வேண்டுமென்றே கட்டமைப்பை மாற்றுவது

இவ்வளவு தெரிந்த பிறகு, குறையைத் தேடுவதோடு நிற்காமல் காந்தத்தை நமக்கு வேண்டியபடி மாற்றவும் முடியும். துத்தநாக அயனிக்குக் காந்தமே இல்லை. அதைச் சேர்த்தால் காந்தம் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். துத்தநாகம் நான்முகி இடத்தை விரும்பிப் போய் உட்கார்கிறது. அங்கிருந்த இரும்பு 3+ பி பக்கம் தள்ளப்படுகிறது. தோற்கும் அணி பலவீனமாகிறது, ஜெயிக்கும் அணிக்கு ஆள் கூடுகிறது. கணக்குப்படி ஒரு வாய்பாட்டில் 0.1 துத்தநாகத்துக்கு 0.6 போர் மேக்னட்டான் கூட வேண்டும், 0.2 சேர்த்தால் 4 என்பது 5.2 ஆகும். நிஜத்தில் ஒரு எல்லைவரைதான் இது நடக்கும். ஏ பக்கம் ஆள் ரொம்பக் குறைந்தால் பி ஸ்பின்களை நேராக நிறுத்த யாருமில்லை. அவை தங்களுக்குள் சாய ஆரம்பிக்கும், காந்தம் மறுபடி இறங்கும். கியூரி வெப்பநிலையும் (காந்த ஒழுங்கு கலையும் வெப்பநிலை) குறைவதால் அறை வெப்பநிலையில் லாபம் இன்னும் சுருங்கும்.

கோபால்ட் வேறு வேலை செய்யும். அது பி இடத்துக்குப் போய் செறிவைப் பெரிதாக மாற்றாமல் அனைசோட்ரபியைப் பல மடங்கு ஏற்றும். அதே பத்து நானோமீட்டர் துகள், புரளாமல் நிற்க ஆரம்பிக்கும். எது வேண்டும் என்பது உங்கள் தேவையைப் பொறுத்தது. தண்ணீரிலிருந்து மாசைப் பிடித்துக் காந்தத்தால் ஒதுக்கி, மறுபடி கலக்க வேண்டுமானால் எச்சம் பூஜ்ஜியமாக இருப்பதே நல்லது. கோபால்ட் சேர்த்தால் துகள்கள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். மாறும் புலத்தில் வெப்பம் உண்டாக்க வேண்டுமானால் உறையும் எல்லையை ஒட்டிய அளவும் அனைசோட்ரபியும் தேவை.

சாம்பிள் அனுப்பும்போது ட்யூபின் மேல் பெயரோடு நான்கு விவரம் எழுதி அனுப்புங்கள்: செய்த தேதி, காய வைத்த வெப்பநிலை, பூச்சு என்ன, எதில் வைத்திருந்தீர்கள். 80 டிகிரி ஓவனில் இரவு முழுதும் காற்றில் காய்ந்த பவுடரும், வெற்றிடத்தில் அறை வெப்பநிலையில் காய்ந்ததும் ஒன்றல்ல. முடிந்தால் ஒரு பங்கை நைட்ரஜன் நிரப்பிய ட்யூபில் மூடி, எக்ஸ்ஆர்டியும் விஎஸ்எம்மும் ஒரே வாரத்தில் எடுங்கள். ஜனவரியில் எடுத்த எக்ஸ்ஆர்டியையும் ஜூனில் எடுத்த லூப்பையும் ஒரே அட்டவணையில் போட்டால், இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒப்பிடுகிறீர்கள்.